கழற்றிப் போட்ட வண்டி

பெயிண்ட் அடிக்க வண்டியைக் கொண்டுவருகிறவன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான், "எப்ப கிடைக்கும்?" அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பம்பரைக் கழற்ற வேண்டும், பக்கவாட்டில் ஓடும் பீடிங் பட்டையைக் கழற்ற வேண்டும், கண்ணாடி, கைப்பிடி, விளக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அடியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும், இவனிடம் நான் என்னத்தைச் சொல்ல. செங்கம் ரோட்டில் என் ஷெட்டைத் தாண்டி இன்னொருத்தன் இருக்கிறான். அவன் ஒன்றையும் கழற்ற மாட்டான். சுற்றிலும் பேப்பரை ஒட்டி மேலாக அடித்து, சாயங்காலமே சாவியைக் கையில் கொடுத்துவிடுவான். மழைக்காலம் ஒன்று போனால் பீடிங் ஓரமெல்லாம் வெங்காயச் சருகு மாதிரி உரியும். அப்புறம் அந்த வண்டிக்காரன் அசடு வழிந்துகொண்டு என்னிடம் வந்து நிற்பான்.

என் தங்கச்சி புருஷன் தசரதன் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பங்குனி வெயிலில் ஒருநாள் தன் ஆம்னி வேனைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தினார். "மச்சான், முழுசா வெள்ளை அடிக்கணும்," என்றார்.

அது பள்ளிக்கூட வேன். மஞ்சள் வண்டி. வேங்கிக்கால் பக்கமும் அடி அண்ணாமலையிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலையும் மாலையும் ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக வண்டி வாசலிலேயே நிற்கிறது என்று தங்கச்சி மணிமொழி சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடக்காரர்கள் சொந்தமாக பஸ் விட்டிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"டூரிஸ்டுக்கு ஓட்டப் போறீங்களா மாப்ள? நல்லதுதான். ஆசிரமம் பக்கம் இப்ப ஜனம் ஜாஸ்தி."

"இல்ல மச்சான். அமரர் ஊர்தி."

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

"பொண வண்டியா?"

"அமரர் ஊர்தினு எழுதணும். நீல எழுத்துல. ரெண்டு பக்கமும், பின்னால கதவுலயும்."

ஏதோ கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் பறந்து, வாயில் வா போ வந்துவிட்டது. "உனக்கு மூளை இருக்குதா? வீட்டுல பொண்ணுக்கு இடம் வந்திருக்குது. தட்டு மாத்தப் போற நேரத்துல இப்படி ஒரு வண்டியக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினா எவன் சம்பந்தம் பண்ணுவான்?"

 அவர் சாவியை என் மேசை மேல் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டார். திட்டினால் திருப்பித் திட்டாத ஆளோடு சண்டை போடுவதைப் போல ஒரு வயிற்றெரிச்சல் கிடையாது.

இடம் வந்தது போளூரிலிருந்து. பையனுக்கு ஒரு கம்பெனியில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவனும் தங்கச்சி மகள் ஆர்த்தியும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மருமகள் ஆர்த்தி லேசில் சிரிக்கிற பெண் இல்லை. கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு ஆன்லைன் சென்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து, மனு கொடுக்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டி, முகம் கடுகடுவென்றே பழகிவிட்டது. அந்தப் பெண் சமைக்கும்போது தனக்குத்தானே பாடுகிறாள் என்று தங்கச்சி என்னிடம் அதிசயமாகச் சொன்னாள். சித்திரை பிறந்ததும் தட்டு மாற்றுவதாகப் பேச்சு.

அன்றைக்கு மத்தியானமே மணிமொழி ஷெட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூட நிழலில் விடவில்லை.

"ணா, அந்த வண்டிய நீ தொடக்கூடாது."

"நான் தொடலைனா அந்தாண்ட ஷெட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போவாரு. அவன் சாயங்காலமே அடிச்சுக் குடுத்துடுவான். பரவால்லையா?"

அவள் வேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் தங்கச்சிக்கு மூளை என்னைவிட வேகம்.

"அப்ப கழட்டு. எல்லாத்தையும் கழட்டிப் போடு. தட்டு மாத்தற வரைக்கும் மாட்டாத. கேட்டா கிளிப் வரலைனு சொல்லு. நீங்கல்லாம் சொல்றதுதான அது."

உண்மைதான். கழற்றிப் போட்ட வண்டி ஷெட்டுக்காரனுக்குத்தான் சொந்தம். விளக்கில்லாமல், கண்ணாடியில்லாமல், கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டையோடு எவனும் வண்டியை ரோட்டுக்கு எடுக்க முடியாது. பம்பரையும் பீடிங்கையும் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிளிப் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். கழற்றும்போது பாதி உடையும். புதுசு சென்னையிலிருந்து வர வேண்டும். அது வரவில்லை என்று சொன்னால் கலெக்டராக இருந்தாலும் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

"இந்த இடம் மட்டும் அவரு வாயால கெட்டுதுனு வையி," என்றாள் மணிமொழி. "பொண்ணக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கே வந்துடுவேன். அப்புறம் அவரு அந்த வண்டியோடவே குடும்பம் நடத்தட்டும்."

அவள் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. எங்கள் சித்தி ஒரு விசேஷத்தில் ஏதோ சொல்லிவிட்டாள் என்று பேச்சை விட்டவள், இன்றைக்கு வரை சித்தி இருக்கிற தெருவுக்குள் கால் வைத்ததில்லை. நான் சரியென்று தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். முன் பம்பரை இறக்கினேன், விளக்குகளைப் பிடுங்கினேன். ஸ்க்ரூடிரைவர் முனையில் துணியைச் சுற்றி, தகரம் கீறாமல் பீடிங்கை நெம்பினேன். வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு நெம்பினால் பசை இளகிக் கொடுக்கும். தசரதன் தினமும் வந்தார். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து, நான் கழற்றிக் கொடுக்கிற திருகாணிகளை இனம் இனமாகப் பிரித்துப் பாட்டிலில் போட்டார். சும்மா இருக்க முடியாமல் உப்புத்தாளை எடுத்து மஞ்சள் பெயிண்டைத் தேய்க்கவும் ஆரம்பித்தார். நான் ஏமாற்றுகிற ஆள் எனக்கே கூலியில்லாமல் வேலை செய்கிறார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒருநாள் தள்ளுகதவைக் கழற்றினேன். அந்தக் கதவு ஓடுகிற தண்டவாளத்தின் மேல் ஒரு நீளப் பட்டை மூடியிருக்கும். அதை எடுத்ததும் உள்ளேயிருந்து பிள்ளைகள் போட்ட குப்பை கொட்டியது. பென்சில் சீவல், மிட்டாய்க் காகிதம், கடித்துத் துப்பிய ரப்பர். கீழ்ப் படி ஓரத்துப் பட்டையை நெம்பினேன். அதில் பொரி இருந்தது, பொரியோடு ரோஜா இதழும் இருந்தது. ஆயுத பூஜைப் பொரி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆயுத பூஜை போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. இந்த இதழில் இன்னும் சிவப்பு போகவில்லை. பொரியும் பூவும் இறைத்துக்கொண்டு போகிற இன்னொரு ஊர்வலம் எது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யோவ் மாப்ள, அதுக்குள்ளயே பொணம் ஏத்திட்டியா?"

தசரதன் எழுந்து வந்து என் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தார். உப்புத்தாளைக் கீழே போட்டார்.

"செழியனுக்குப் போட்டது," என்றார்.

செழியன் அவர் வேனில் போய்வந்த அடி அண்ணாமலைப் பையன். இரண்டாம் வகுப்பு.

"காய்ச்சல்னு கொஞ்ச நாளா வரல. ஒருநாள் காலைல பசங்கள எறக்கிட்டுத் திரும்பி வர்றேன், ஆஸ்பத்திரி வாசல்ல அவங்கப்பா அருள்ராஜ் நிக்கறாரு. தோள்ல பையன். போர்வை போத்தியிருக்கு. தூங்கறான்னு நெனச்சுதான் மச்சான் வண்டிய நிறுத்தினேன். கிட்ட போனாதான் தெரியுது. ஆஸ்பத்திரி வண்டி எங்கயோ வெளியூர் போயிருக்குது. ஆட்டோக்காரங்க கிட்ட வந்து பாத்துட்டு நகந்துட்டாங்க. அந்த மனுஷன் அழக்கூட இல்ல. 'அண்ணா, அவன் போற வண்டிதான'ன்னாரு. நான் என்ன சொல்றது? கதவத் தொறந்தேன்."

செழியன் வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே அவனை மடியில் வைத்துக்கொண்டு அருள்ராஜ் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் அடக்கம் பண்ண எடுத்துப்போனதும் இதே வண்டியில்தான்.

"மறுநாள் வண்டியக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, சூடம் காட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். முதல் வீட்டுலயே அந்தம்மா புள்ளையக் கையப் புடிச்சு உள்ள இழுத்துக்கிச்சு. பொணம் ஏத்துன வண்டில எம்புள்ளைய ஏத்தமாட்டேன்னு சொல்லிடுச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. பசங்களுக்கு ஒண்ணும் இல்ல மச்சான். ஒரு பொண்ணு கேட்டுச்சு, செழியன் எடத்துல இனிமே நான் உக்காந்துக்கட்டானு."

 கையிலிருந்த பொரியைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய துணியில் மடித்து ஜன்னல் மேல் வைத்தேன்.

"மணிக்கு இது தெரியுமா?"

"தெரியும். ஏத்தினது தப்புன்னு அவ சொல்லல. மறுநாள் என்கூட நின்னு வண்டியக் கழுவினவளே அவதான். அதையே பொழப்பா வச்சுக்காதன்றா. ஊரே பொண வண்டின்னு பேரு வச்சிடுச்சு. எழுதினாலும் அதான், எழுதலைனாலும் அதான். தோள்ல போட்டுக்கிட்டு நிக்கறவங்களுக்கு ஒரு வண்டி வேணுமில்ல."

இவ்வளவு கேட்ட பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆர்த்தி பாடுகிறாள் என்று தங்கச்சி சொன்னது காதிலேயே இருந்தது. தட்டு மாற்றட்டும், மறுநாளே அடித்துக் கொடுத்துவிடலாம், வண்டி எங்கே ஓடிப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "கிளிப் இன்னும் வரல மாப்ள," என்றேன். "சரி மச்சான்," என்றார்.

பௌர்ணமிக்கு ரோட்டை மறித்துவிடுவார்கள். ஷெட்டைத் திறந்தும் பிரயோஜனம் இல்லை. அது கழிந்த மறுநாள், கிரிவலம் வந்தவர்கள் போட்டுவிட்டுப்போன தண்ணீர்ப் பாட்டில்களைத் திட்டிக்கொண்டே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"திருமலைங்கறது நீங்கதான? நான் காசி. போளூர். மாப்பிள்ளைப் பையனுக்குப் பெரியப்பா. பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு வர முடியல."

நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினேன். தசரதன் அந்த நேரம் வேனுக்குள் குனிந்து பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது. நாங்கள் பேச ஆரம்பித்ததும் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

"பொண்ணு எல்லாருக்கும் புடிச்சிருக்குங்க," என்றார் காசி. "ஆனா அவங்கப்பா வண்டியப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு காதுல விழுந்துது. வெளியாளுங்க ஆயிரம் சொல்லுவாங்க. தாய்மாமன் வாயால கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"டூரிஸ்ட் வண்டிங்க," என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஸ்கூல் வண்டியா இருந்துது. இப்ப ஆசிரமம் பக்கம் ஓட்டறதுக்கு வெள்ளை அடிக்கறோம். இதோ நிக்குது பாருங்க."

அவர் வண்டியைப் பார்த்தார். மஞ்சள் பாதி போய், சாம்பல் நிற பிரைமர் திட்டுத் திட்டாகத் தெரிய, முன்னால் விளக்கில்லாமல் இரண்டு பொத்தலோடு நின்றது. அதைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கும் நிம்மதிதான். டீயை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"அப்படிச் சொல்லுங்க. எனக்கும் வீட்டுல போய்ச் சொல்லணுமில்ல. தப்பா எடுத்துக்காதீங்க, மலையப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் கெளம்பறேன்."

எங்கள் ஊரில் இது உண்டு. கோர்ட்டில் பொய் சொல்லிவிட்டு வருகிறவன்கூட மலையைப் பார்த்துச் சொல் என்றால் நழுவிவிடுவான். ஷெட் வாசலில் நின்றால் மலை முழுக்கத் தெரியும். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். ஆர்த்திக்காகச் சொல்கிறேன், என்ன தண்டனையோ எனக்குக் கொடு என்று அண்ணாமலையானிடம் மனதுக்குள் கேட்டுக்கொண்டுவிட்டேன். கையைக் கூப்பி வாயைத் திறந்தபோது பின்னால் வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அவரச் சொல்லச் சொல்லாதீங்க."

தசரதன் இறங்கி வந்தார். கை, முகமெல்லாம் மஞ்சள் தூள்.

"நான்தான் பொண்ணோட அப்பா. இது அமரர் ஊர்திங்க. பொணம் எடுத்துக்கிட்டுப் போற வண்டி. மச்சானுக்கு எங்க மேல இருக்கற பாசம், பாவத்த அவரு தலையில ஏத்திக்கப் பாத்தாரு."

காசி நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. டீயை முழுசாகக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க செய்யறது புண்ணியமான காரியங்க," என்று தசரதனைப் பார்த்துக் கும்பிட்டார். பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு, "ஜாதகத்த இன்னொரு எடத்துல காட்டிட்டுச் சொல்லி அனுப்பறோம்," என்றார். ஜாதகம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

பைக் சத்தம் அடங்கியதும் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏன்யா வெளிய வந்த? நான் சொல்லியிருப்பேனே."

"உங்க பொய்ல எம்பொண்ணு வாழணுமா மச்சான்?"

 கோபம் வடிந்து பயம்தான் மிச்சமிருந்தது. இடம் போனது போனதுதான். அதைக் கெடுத்தது புருஷன் வாய் என்று மணிமொழிக்குத் தெரிந்தால் அந்தக் குடும்பமும் போய்விடும். அவள் சொன்னதைச் செய்கிறவள்.

"நல்லாக் கேட்டுக்க மாப்ள," என்றேன். "நான்தான் சொன்னேன். நீ இங்க இல்லவே இல்ல. அவ என்ன பேசினாலும் நீ வாயத் தொறக்கக்கூடாது."

"வேணாம் மச்சான்."

"கூடப்பொறந்தவ. ஆறேழு மாசம் மூஞ்சத் தூக்கிவச்சுக்குவா. கார்த்திகை தீபத்துக்குள்ள தானா சரியாயிடும். உன்னோட கோச்சுக்கிட்டா சரியாகாது. சொல்றதக் கேளு."

அண்ணன் தங்கச்சி உறவு என்றால் எப்படி அடித்தாலும் நெளிவு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தகரத்தோடேயே இத்தனை வருஷம் கிடந்ததில் வந்த புத்தி.

தரகர் இரண்டு நாளில் போன் போட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார். அன்றைக்கே மணிமொழி வந்தாள். தசரதன் டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். அவள் கத்துவாள் என்று நான் தயாராக இருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம், அத்தோடு தீர்ந்துவிடும். அவள் கத்தவில்லை.

"போளூர்க்காரர் இங்க வந்தாராமே. யாரு சொன்னது அவருகிட்ட?"

"நான்தான்," என்றேன். "மலையப் பாத்துச் சொல்லுன்னாரு. பொய் வரல மணி."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"ஆர்த்தி அடுப்பாண்ட போறதே இல்ல ணா. போனை அணைச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருக்கா. ஒருத்தர் கிட்டயும் பேசறதில்ல."

"வேற இடம் வராமயா போயிடும். நானே பாக்கறேன்..."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம்." குரலை உயர்த்தவேயில்லை. "நான் செத்தாலும் பொறந்த வீட்டுக் கோடின்னு புடவைய எடுத்துக்கிட்டு நீ வந்துடாத. பொறந்த வீடு இல்லாதவன்னு சொல்லி எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

எங்களுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. அவளுக்குக் கோடி போட இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான்.  வேனின் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். முந்தானையால் அவர் நெற்றியில் இருந்த தூளைத் துடைத்தாள். "வாங்க," என்றாள். "இங்க என்ன உக்காந்துகிட்டு. வீட்டுக்குப் போலாம்."

நான் நினைத்தது நடந்துவிட்டது. அந்தக் குடும்பம் சேர்ந்துதான் ஷெட்டை விட்டுப் போனது. தசரதன் எழுந்து அவள் பின்னாலேயே நடந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாது என்று சொன்னவன் நான்தான், அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த ஆள் திரும்பி நின்று, உங்கண்ணன் சொல்லவில்லை மணி, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுவார் என்று, அவர்கள் ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.